முப்பத்தெட்டுப் புள்ளி வாங்கிய பானைகள்

மருதனார்மடம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு சித்திரம் இருக்கிறது. கணக்குக் கொப்பியின் நடுத்தாளை விரித்து, கோடு போட்ட பக்கத்திலேயே கீறியது. இடமும் வலமும் இரண்டு பானை அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கிலும் கீழே பெரிய சால், மேலே சிறிய கரகம், அதன் வாயில் மாவிலையும் தேங்காயும். நடுவில் ஒரு குத்துவிளக்கு. கலியாண வீட்டு மணவறையில் அரசாணியைச் சுற்றி வைக்கும் சாலும் கரகமும்தான் அவை என்று யாழ்ப்பாணத்தவர் எவரும் பார்த்தவுடன் சொல்வார்கள்.

தாளின் வலது மூலையில் சிவப்பு மையால் 38 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. கீழே மூன்று சிறு வசனங்கள்: ஒளிநிழல் இல்லை. பானையின் வாய் பிழை. இயற்கைத் தோற்றம் போதாது.

அந்தக் கையெழுத்து என்னுடையது.

1994ஆம் ஆண்டு, தவணைப் பரீட்சை. 'அலங்கரிக்கப்பட்ட மட்பாண்டங்கள்' என்று நான்தான் தலைப்புக் கொடுத்தேன். மேசையில் சட்டியையும் முட்டியையும் வைத்து, யன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் கீறப் பழக்கியிருந்தேன். நான் படித்ததும் அப்படித்தான். வகுப்பில் ஏனைய பிள்ளைகள் மேசையில் இருந்ததைக் கீறினார்கள். இந்தப் பிள்ளை மட்டும் மேசையை நிமிர்ந்தும் பார்க்காமல் தன் பாட்டில் கீறிக்கொண்டிருந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து வந்து, எங்கள் அயலில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்த குடும்பத்துப் பிள்ளை. அதன் அம்மம்மா ஊரில் கலியாணப் பானைகளுக்குக் கோலம் எழுதுகிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இந்தச் சித்திரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு அது விளங்க இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் பிடித்தது.

முதலில் கோடு. சாலின் வயிறு ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. கரிக்கட்டியால் இழுத்த தடித்த கோடு. எங்கும் அழித்து எழுதியதாகத் தெரியவில்லை. வகுப்பில் நாங்கள் பென்சிலால் மெல்லிய கோடுகள் பலவற்றைத் தட்டித் தட்டி உருவத்தைத் தேடுவோம். நாட்டார் ஓவியத்தில் அந்தத் தேடல் இல்லை. கை அந்த உருவத்தை முன்னமே அறிந்திருக்கிறது. ஆயிரம் தடவை கோலம் போட்ட கை முற்றத்தில் கோட்டை எப்படி இழுக்குமோ அப்படி.

இரண்டாவது, நான் 'பிழை' என்று எழுதிய வாய். பானையின் உடல் நேரெதிரே நின்று பார்ப்பதுபோல இருக்கிறது, அடி தட்டையான நேர்கோடு. ஆனால் வாய் முழு வட்டம். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால்தான் அப்படித் தெரியும். ஒரே பானையை இரண்டு இடத்தில் நின்று பார்க்க முடியாது என்பது நான் படிப்பித்த பாடம். பானைக்கு அடியில் வாழையிலையில் பரப்பிய நெல்லும் அப்படியே, மேலேயிருந்து பார்த்ததுபோல வட்டம் வட்டமாக, ஒவ்வொரு நெல்லும் தனித்தனிப் புள்ளியாக.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நெபாமுன் என்ற எகிப்தியரின் கல்லறை ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் தடாகத்தை மேலேயிருந்து பார்த்தும், அதைச் சுற்றிய மரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தும் எழுதியிருக்கிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம். கண்ணுக்கு இந்தக் கணத்தில் எது தெரிகிறது என்பதை அந்த ஓவியன் எழுதவில்லை. ஒரு தடாகத்தில் என்னென்ன உண்டு என்று தனக்குத் தெரிந்ததை எழுதினான். பிரான்சில் செசான் தன் மேசைப் பொருட் சித்திரங்களில் சாடிகளின் வாயை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்துக் கீறியபோது அதைப் புதுமை என்றார்கள். எங்கள் பிள்ளை செய்தபோது நான் பிழை என்றேன்.

ஓவியம் படித்தவர்களிடையே இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. வங்காளத்து ஜாமினி ராய் (1887–1972) கல்கத்தா அரசாங்கக் கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறையை முறையாகப் பயின்று, உருவப்படம் எழுதிப் பிழைத்தவர். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு, காளிகாட் பட ஓவியர்களிடமும் தன் ஊர்க் கைவினைஞர்களிடமும் திரும்பிப் போனார். எண்ணெய் வர்ணத்தைக் கைவிட்டு மண்ணும் சுண்ணமும் தாவரச் சாயமும் எடுத்தார். தட்டையான நிறம், தடித்த வெளிக்கோடு, நிழலே இல்லாத உருவம். அவர் பெயரைச் சொல்லி வகுப்பெடுத்த அதே வாரத்தில் நான் அந்த 38ஐப் போட்டிருக்கவும் கூடும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வெட்கமும்.

மருதனார்மடத்தில் இருந்துகொண்டு இதை அறியாமல் இருந்ததற்கு எனக்கு நியாயம் இல்லை. இங்கே 1913இல் பெண்கள் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாய், சேர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி. அந்த முத்துக்குமாரசுவாமியின் மகன்தான் கலை உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி. இருவரும் மைத்துனர்கள். புவிச்சரிதவியலாளராக இலங்கைக்கு வந்து, கிராமம் கிராமமாக அலைந்து, கைவினைஞர்களின் வேலையைப் பதிவுசெய்து 1908இல் 'மத்தியகால சிங்களக் கலை' என்ற பெரிய நூலை வெளியிட்டவர். குயவரின் வேலையும் அதில் வருகிறது. கல்லூரிச் சுவரில் தொங்கும் ஓவியத்துக்கும் குடிசையில் எழுதும் பானைக்கும் இடையில் நாங்கள் போடும் எல்லைக்கோட்டை அவர் ஏற்கவில்லை. அமராவதியிலும் அநுராதபுரக் காவற்கற்களிலும் செதுக்கியிருக்கும் பூரண கும்பத்தை, நீரும் வளமும் பற்றிய மிகப் பழைய நம்பிக்கையின் உருவம் என்று பின்னாளில் விளக்கியவரும் அவரே. 1960இல் இசைக்கென்று தொடங்கிய இராமநாதன் அக்கடமி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, இன்று காண்பியக் கலைகளும் படிப்பிக்கும் பீடமாக அதே மருதனார்மடத்தில் நிற்கிறது.

இன்னும் பழைய பானைகளும் அண்மையில்தான் கிடைத்தன. சுன்னாகத்துக்கு மேற்கே கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் வந்தன. கவிழ்த்துச் சுடுவதால் உள்ளும் வாயும் கறுத்து, வெளிப்புறம் சிவந்த பானைகள். கூடவே, உள்ளடியில் சிறு பற்குழிகளை வட்டம் வட்டமாக உருட்டிப் பதித்த தட்டங்களின் உடைவுகள். 1945இல் அரிக்கமேட்டில் வீலர் கண்டெடுத்த அதே வகை. 1980இல் ஆனைக்கோட்டையில் ஈமக்குழி ஒன்றைத் திறந்தபோது, இறந்தவரோடு வைத்த பாண்டங்களும் அந்தப் புகழ்பெற்ற முத்திரையும் கிடைத்தன. பிள்ளையின் சித்திரத்தில் நெல்மணிப் புள்ளிகள் வட்டமாகப் போகும் விதத்தைப் பார்க்கும்போது அந்தக் கந்தரோடைத் தட்டம் நினைவுக்கு வராமல் போவதில்லை. தொடர்பு உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் எங்களிடையே போதிய அளவு இருக்கிறார்கள்.

பானை எங்களுக்கு வெறும் அலங்காரப் பொருள் அல்ல என்பதை மட்டும் சொல்லலாம். பிறந்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் கும்பம். பொங்கலுக்குப் புதுப்பானை. வன்னியில் அம்மனுக்குப் பொங்கும் பானைக்கு வளந்து என்று தனிப்பெயரே உண்டு. கடைசியில் சுடலையில் தோளில் தூக்கிக் கொத்தி உடைக்கும் கொள்ளிக்குடம். இறந்த கணவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்லி ஒரு பெண் குயவனிடம் கேட்கும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. 2009இல் கொள்ளிக்குடம் உடைக்க ஆளும் இல்லாமல், குடமும் இல்லாமல், இடமும் தெரியாமல் போனவர்களின் உறவுகள் இதை வாசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பானையின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

சித்திரம் எப்படித் தப்பியது என்று சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, எல்லோரையும் போல நானும் பிறப்புச் சான்றிதழும் உறுதியும் படிப்புச் சான்றிதழும் போட்ட பையைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். சான்றிதழ்கள் மடிந்துவிடாமல் இருக்க, கையில் அகப்பட்ட பழைய சித்திரத் தாள்களை மடித்து இடையில் வைத்திருந்தேன். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, நிலையும் இல்லை. பத்து வருடமாகச் சேர்த்த பிள்ளைகளின் சித்திரங்கள் மழையில் கூழாகிக் கிடந்தன. பைக்குள் அட்டைக்குப் பதிலாகப் போன தாள்களில் இது ஒன்று. அருமை தெரிந்து காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் அயலில் ஒரு கலியாணம். பெண் வீட்டார் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். மணவறை சோடிக்கிறவர்கள் வாடகைக்குக் கொண்டுவரும் பானைகள் இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழையால் செய்தவை. தங்க நிறம், பிளாஸ்ரிக் முத்து, ஒட்டிய கண்ணாடித் துண்டு. தூக்க இலேசு, உடையாது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பெண்ணின் பேத்தியார், எண்பது கடந்தவர், "எங்கட ஊரில எழுதின மாதிரி மண்பானை வேணும்" என்று பிடிவாதமாக நின்றார். எழுதத் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. சித்திர ரீச்சர் என்று என்னிடம் வந்தார்கள். அப்போதுதான் அலுமாரியிலிருந்து இந்தத் தாளை எடுத்தேன்.

சாலுக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, காவி கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்திரத்தில் சாலின் வயிற்றைச் சுற்றி ஒரு தாமரை இதழ் வரிசை. எண்ணினால் பதினொரு முழு இதழ். இரண்டு ஓரங்களிலும் பாதிப் பாதி இதழ். நான் அவற்றையெல்லாம் பானையின் முன்பக்கத்தில் அடைத்து எழுதப் பார்த்தேன். இதழ்கள் ஒடுங்கி, புளியங்கொட்டை அளவில் வந்தன. பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பேத்தியார் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது முன்பக்கம் மட்டும் இல்லைப் பிள்ளை. சுத்திவர வாறது."

தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். உருண்டையான பொருளின் ஓரத்துக்குப் போகப்போக இதழ்கள் ஒடுங்க வேண்டும். இதில் ஒடுங்கவில்லை, நடுவில் உள்ளதும் ஓரத்தில் உள்ளதும் ஒரே அகலம். 'இயற்கைத் தோற்றம் போதாது' என்று நான் எழுதியது இதைப் பார்த்துத்தான். இடது ஓரத்துப் பாதி இதழையும் வலது ஓரத்துப் பாதி இதழையும் பொருத்தினால் ஒரு முழு இதழ். மொத்தம் பன்னிரண்டு. பிள்ளை பானையின் ஒரு பக்கத்தைக் கீறவில்லை. பாயைச் சுருள் விரிப்பதுபோலப் பானையின் சுற்றளவு முழுவதையும் விரித்து முகத்தில் போட்டிருக்கிறது. நான் கேட்ட ஒளிநிழலோடும் தூரநோக்கோடும் கீறியிருந்தால் முன்பக்கத்து ஐந்தாறு இதழ்களோடு முடிந்திருக்கும். பின்பக்கம் எப்படி இருந்தது, மொத்தம் எத்தனை இதழ் என்று எவருக்கும் தெரிந்திருக்காது.

அதன் பிறகு வேலை சுலபம். பானையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்தேன். நூலை மூன்றாக மடித்து, அதை இரண்டாக, மறுபடி இரண்டாக மடித்தால் பன்னிரண்டு பங்கு. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பொட்டு. பொட்டுக்குப் பொட்டு ஒரு இதழ். கழுத்தில் எதிரெதிராக இரண்டு கிளிகள், அதற்கு மேலே கறுப்புப் புள்ளி வரிசை. கரகத்தின் வாய் முழுவட்டமாக இருந்ததால் மாவிலை எத்தனை, எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதும் தெரிந்தது: ஐந்து இலை, நுனி வெளியே. பக்கவாட்டில் இருந்து மட்டும் பார்த்துக் கீறியிருந்தால் மூன்று இலைதான் தெரியும்.

நாட்டார் பாணிச் சித்திரம் ஒன்றை இரசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். இது நேரில் பார்ப்பதுபோல் இருக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். இதை வைத்து அந்தப் பொருளைத் திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எண்ணுங்கள். இதழை, புள்ளியை, வரியை எண்ணுங்கள். ஓரங்களைப் பாருங்கள்; ஓவியன் எதை வெட்டினான், எதை வெட்ட மனம் வராமல் விட்டான் என்பது ஓரத்தில்தான் தெரியும். எது பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். இந்தச் சித்திரத்தில் குத்துவிளக்கு கரகத்தை விடச் சிறியது, கிளியோ விளக்கின் பாதி உயரம். பானைதான் இங்கே பெரிய ஆள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1990 முதல் பொருளாதாரத் தடை. கலர்ப்பெட்டி கிடைப்பதென்றால் கொழும்புக்குப் போய்வருகிறவர் எவராவது ஒளித்துக் கொண்டுவந்தால்தான். பிள்ளைகளிடம் கிடைத்ததைக் கொண்டு தீட்டச் சொல்லியிருந்தேன். இந்தச் சித்திரத்தில் கறுப்பு, அடுப்புக்கரி. செம்மண் நிறம், செங்கல்லை அரைத்த தூள். மஞ்சள், கறிக்குப் போடும் மஞ்சள்தான். சிவப்பு, அதே மஞ்சளில் வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்தது. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும் அதே வித்தை. ஆனால் அந்தச் சிவப்பு நிலைக்காது. காற்றுப் பட்டுச் சுண்ணாம்பின் காரம் குறையக் குறைய நிறம் மங்கித் தவிட்டு நிறமாகும். மஞ்சளை வெளிச்சம் தின்னும். கரியும் செங்கல்லும் அப்படியே இருக்கும். பையின் இருட்டில் கிடந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் இன்று கறுப்புக் கோடும் செங்கல் நிறமும் மட்டும்தான்.

அதனால் உங்கள் வீட்டில் இப்படித் தாள் ஏதும் இருந்தால், 'லமினேற்' செய்யாதீர்கள். சூடு பட்ட பிளாஸ்ரிக்கிலிருந்து தாளைத் திரும்ப எடுக்க முடியாது. வெயில் படாமல், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், அளவு தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய கலியாண அல்பங்களைப் பாருங்கள். எல்லோரும் மாப்பிள்ளை பெண்ணைத்தான் பார்ப்போம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு பானை நிற்கும். அதை யார் எழுதினார்கள் என்று வயது போனவர்களிடம் இப்போதே கேளுங்கள். வலிகாமம் வடக்கில் 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாகக் காணிகள் விடுபட்டபோது அந்தப் பிள்ளையின் அம்மம்மா வீட்டு வளவும் விடுபட்டது. அங்கே அத்திவாரமும் கிணறும் மட்டும்தான் இருந்தன.

கலியாணத்துக்குப் பானைகள் ஒப்பேறின. பேத்தியார் தடவிப் பார்த்துவிட்டு, "கிளிக்குக் கழுத்து நீண்டுபோச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் பலர் கேட்டது, இதழ் வரிசையில் ஒன்று மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று. சித்திரத்திலும் அப்படித்தான்: பதினொரு இதழ் மஞ்சள், ஒன்று வெறும் தாள். திருஷ்டிக்காக விடுவார்கள் போல என்று நானே ஒரு விளக்கமும் சொன்னேன். நிறைவை முழுமையாக்காமல் விடுவது எங்கள் மரபு என்று இரண்டு பேருக்கு வகுப்பும் எடுத்தேன்.

பிறகு, கூடப் படித்த ஒருவர் மூலம் அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. பிள்ளை என்கிறேன், இப்போது அவருக்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்திரத்தையும் பானையையும் படம் எடுத்து அனுப்பி, 38 போட்டதற்கு மன்னிப்பும் கேட்டு எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல்பதிவு ஒன்று வந்தது. முதலில் சிரிப்பு, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ரீச்சர், கிளி பச்சை. எனக்கு அண்டைக்குப் பச்சை கிடைக்கேல்லை, அதுதான் கரியால கீறினது. அம்மம்மா பாவட்டை இலை கசக்கிப் பூசுறவ. மற்றது அந்த வெள்ளை இதழ், அது ஒண்டும் இல்லை ரீச்சர். அரைவாசியில அம்மா வந்து, கறிக்கு மஞ்சள் இல்லை எண்டு சரையைப் பறிச்சுக்கொண்டு போட்டா."

இந்த ஆவணியில் இன்னொரு கலியாணத்துக்குப் பானை எழுதக் கேட்டிருக்கிறார்கள். முதல் கலியாணத்தில் பார்த்தவர்கள்தான். வெள்ளை இதழ் ஒன்று கட்டாயம் வேண்டுமாம்.